உடற்பயிற்சிக்கு மசியாத உடம்பு என்று ஒன்று உண்டா?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு வயது 38, உயரம் 170 செ.மீ., எடை 96 கிலோ. ஆறு வாரமாக, வாரத்துக்கு ஐந்து நாள், டிரெட்மில்லில் மணிக்கு 5 கி.மீ. வேகத்தில் 45 நிமிடம் நடக்கிறீர்கள். இறங்கியது 600 கிராம்தான். உங்களோடு ஒரே நாளில் ஜிம்மில் சேர்ந்து இதையே செய்யும் அலுவலக நண்பருக்கு 5 கிலோ குறைந்துவிட்டது. "உங்க ஜீன் அப்படி, உமிழ்நீர் டெஸ்ட் எடுத்தா எந்தப் பயிற்சி ஒத்துவரும்னு தெரிஞ்சிடும்" என்கிறார் டிரெயினர். டெஸ்ட் எடுக்கலாமா என்று எழுதியிருக்கிறீர்கள். உண்மையில் நீங்கள் கேட்பது அதைவிடப் பெரிய கேள்வி: உடற்பயிற்சியால் ஒருவருக்கு எவ்வளவு எடை இறங்கும் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா, உங்கள் உடம்பு இறங்காத ரகமா?

டெஸ்ட்டுக்குப் பணம் கட்டாதீர்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன் ஒரு கூட்டல் கழித்தல் போட்டுப் பார்ப்போம், ஏனென்றால் உங்கள் கவலையில் பாதி அதிலேயே கரைந்துவிடும்.

சமதரையில் நடக்கும்போது, சும்மா இருந்தாலும் செலவாகியிருக்கும் கலோரியைக் கழித்துவிட்டால், ஒரு கிலோ எடைக்கு ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் அரை கலோரிதான் (கிலோ கலோரியைத்தான் வழக்கப்படி கலோரி என்கிறேன்) கூடுதலாகச் செலவாகும். 45 நிமிடத்தில் நீங்கள் நடப்பது 3.75 கி.மீ. 96 கிலோவுக்கு அது 180 கலோரி. டிரெட்மில் திரை 250, 300 என்று காட்டியிருக்கும். அந்த எண்ணில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாலும் செலவாகியிருக்கும் கலோரியும் சேர்ந்திருக்கிறது. கைக்கடிகாரம் இன்னும் மோசம். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஏழு கருவிகளைச் சோதித்து 2017-இல் வெளியிட்ட முடிவில், கலோரி கணக்கில் மிகச் சிறந்த கருவியே சராசரியாக 27 சதவீதம் பிசகியது, மிக மோசமானது 93 சதவீதம். ஆகவே 180-ஐ வைத்துக்கொள்வோம். ஆறு வாரம், முப்பது நாள், மொத்தம் 5,400 கலோரி. ஒரு கிலோ உடல் கொழுப்புக்கு 7,700 கலோரி என்ற பழைய கணக்கில் வகுத்தால் 0.7 கிலோ.

உங்களுக்கு இறங்கியது 0.6 கிலோ. அதாவது, நீங்கள் செய்த பயிற்சிக்கு என்ன கிடைக்க வேண்டுமோ அதுதான் ஏறக்குறைய கிடைத்திருக்கிறது. மசியாத உடம்பு என்று சொல்ல இதில் ஆதாரம் ஏதும் இல்லை. (நன்றாக மசிகிறது என்று சொல்லவும் இல்லை. அதற்குப் பிறகு வருகிறேன்.)

இப்போது நண்பரின் கணக்கு. 5 கிலோவை 7,700-ஆல் பெருக்கினால் 38,500 கலோரி, 42 நாளில் நாளொன்றுக்கு 900-க்கும் மேல். அவர் செய்யும் நடையிலிருந்து வாரம் முழுவதற்கும் பரப்பிப் பார்த்தால் நாளுக்கு 130 கலோரி வந்தால் அதிகம். மீதி எங்கிருந்து வந்தது? தட்டிலிருந்துதான். இரவுச் சாப்பாட்டைக் குறைத்திருப்பார், கூல்டிரிங்க்ஸையோ பீரையோ நிறுத்தியிருப்பார், அதோடு முதல் இரண்டு வாரத்தில் இறங்கும் தண்ணீரும் சேர்ந்திருக்கும். மாவுச்சத்தைக் குறைத்தால் தசையிலும் ஈரலிலும் சேமித்து வைத்த மாவுச்சத்தான கிளைக்கோஜன் குறையும், அதன் ஒவ்வொரு கிராமோடும் ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீர் வெளியேறும். கேட்டால் "நான் சாப்பாட்டுல கை வைக்கவே இல்ல" என்பார். பொய் சொல்கிறார் என்று அர்த்தமில்லை. பலருக்கு அது தெரிவதே இல்லை.

இதே கதை ஆய்விலும் உண்டு. நீல் கிங்கும் சக ஆய்வாளர்களும் 2008-இல் வெளியிட்ட ஆய்வில் உடல் பருமனுள்ள 35 பேர், 12 வாரம், வாரத்துக்கு ஐந்து நாள், ஒவ்வொரு முறையும் 500 கலோரி செலவாகும்வரை, கண்காணிப்பாளர் முன்னிலையில் பயிற்சி செய்தார்கள். சராசரியாக 3.7 கிலோ குறைந்தது. ஆனால் ஒரு முனையில் ஒருவருக்கு 14.7 கிலோ குறைந்தது, மறுமுனையில் ஒருவருக்கு 1.7 கிலோ கூடியது. "உடற்பயிற்சிக்கு ஒவ்வொரு உடம்பும் ஒவ்வொரு மாதிரி" என்று பேசுபவர்கள் எல்லோரும் காட்டும் வரைபடம் இதுதான். ஆனால் இங்கேயும் பெருக்கிப் பாருங்கள். 500 கலோரி, 60 நாள், 30,000 கலோரி, அதாவது 3.9 கிலோ. சராசரி கணக்கோடு ஒட்டி நிற்கிறது. 14.7 கிலோ குறைந்தவருக்கு ஒரு லட்சத்துப் பதின்மூவாயிரம் கலோரி பற்றாக்குறை வேண்டும். பயிற்சி கொடுத்தது முப்பதாயிரம்தான். ஆகவே அந்த வரைபடத்தில் பெரும்பாலும் தெரிவது பயிற்சிக்குத் தசை காட்டிய வித்தியாசம் என்பதைவிட, பன்னிரண்டு வாரம் யார் எப்படிச் சாப்பிட்டார் என்பதே. அந்த ஆய்விலேயே எதிர்பார்த்ததைவிடக் குறைவாக எடை இறங்கியவர்கள் சாப்பாட்டைக் கூட்டியிருந்தார்கள், நன்றாக இறங்கியவர்கள் குறைத்திருந்தார்கள்.

இன்னொரு சிக்கல், பலருக்குப் பிடிபடாதது. அந்த ஆய்வில் பயிற்சி செய்யாத ஒப்பீட்டுக் குழு இல்லை. ஒன்றுமே செய்யாத நூறு பேரை இன்றைக்கு எடை போட்டு, மூன்று மாதம் கழித்து மறுபடி போட்டால், சிலருக்கு இரண்டு கிலோ குறைந்திருக்கும், சிலருக்கு மூன்று கிலோ ஏறியிருக்கும். கல்யாணம், காய்ச்சல், தேர்வு, பண்டிகை, மாதவிடாய், நேற்றிரவு சாப்பிட்ட உப்பு, எல்லாம் அதில் இருக்கிறது. பயிற்சிக் குழுவிலும் இதே சிதறல் இருக்கும். அதைக் கழிக்காமல் முழுச் சிதறலையும் பயிற்சியின் தலையில் கட்டுவது தவறு. கிரெக் அட்கின்சன், ஆலன் பேட்டர்ஹாம் இருவரும் 2015-இல் இதற்கு எளிய வழி ஒன்றை வற்புறுத்தினார்கள்: பயிற்சிக் குழுவின் எடை மாற்றத்தில் உள்ள திட்டவிலக்கத்தின் (சராசரியிலிருந்து எண்கள் எவ்வளவு சிதறுகின்றன என்ற அளவு) வர்க்கத்திலிருந்து ஒப்பீட்டுக் குழுவின் திட்டவிலக்க வர்க்கத்தைக் கழித்து, வர்க்கமூலம் எடுங்கள். உதாரணத்துக்கு, பயிற்சிக் குழுவில் 3.5 கிலோ, சும்மா இருந்த குழுவில் 3.2 கிலோ என்றால், 12.25-இல் 10.24 போக 2.01, அதன் மூலம் சுமார் 1.4 கிலோ. 3.5 என்று பயமுறுத்திய சிதறலில் ஆளுக்கு ஆள் உள்ள உண்மையான வேறுபாடு அவ்வளவுதான். இந்த முறையில் 12 சோதனைகளைத் திரட்டி 2018-இல் வந்த மீளாய்வில் அந்த எண் 0.8 கிலோ, அதுவும் பூஜ்யமாக இருக்கலாம் என்பதை விலக்க முடியாத அளவுக்கு நிச்சயமின்மையோடு.

இதை வைத்து "எல்லா உடம்பும் ஒன்றுதான்" என்று முடிவு கட்டவும் முடியாது. கனடாவின் லவால் பல்கலைக்கழகத்தில் கிளோட் பூஷார்டு குழு ஒரே மாதிரி இரட்டையர்களான ஏழு ஜோடி இளைஞர்களை அடைத்து வைத்ததுபோல் கண்காணித்து, சாப்பாட்டைத் துளியும் மாற்றாமல், 93 நாள் சைக்கிள் மிதிக்கவைத்து நாளுக்கு 1,000 கலோரி செலவழிக்கச் செய்தது. 1994-இல் வந்த முடிவு: சராசரியாக 5 கிலோ குறைந்தது. ஒரே ஜோடிக்குள் அண்ணனுக்கும் தம்பிக்கும் இறங்கியது நெருக்கமாக இருந்தது, ஜோடிக்கு ஜோடி வித்தியாசம் பெரிதாக இருந்தது. ஆகவே பிறவியில் வந்தது ஏதோ ஒன்று பேசுகிறது என்பது உறுதி. அது எந்த மரபணு என்பதில்தான் கை விரிக்க வேண்டியிருக்கிறது. உடல் பருமனோடு மிக அழுத்தமாகத் தொடர்புபட்ட மரபணு எஃப்டிஓ. உணவு, உடற்பயிற்சி, மருந்து ஆகியவற்றால் எடை குறைக்க முயன்ற எட்டுச் சோதனைகளின் 9,563 பேரை ஒன்றாக ஆராய்ந்து 2016-இல் சொன்னார்கள்: அந்த மரபணுவின் ஆபத்தான வடிவம் இருப்பவருக்கும் இல்லாதவருக்கும் எடை ஒரே அளவில்தான் குறைந்தது. மிகப் பெரிய மரபணுவுக்கே இந்த நிலை. ஐந்தாறு மரபணுக்களைப் பார்த்து "உங்களுக்கு ஓட்டம் ஒத்துவராது, எடைத்தூக்கல் ஒத்துவரும்" என்று சொல்லும் அறிக்கை, வண்ண அட்டையில் அச்சடித்த ஜாதகம். டெஸ்ட் வேண்டாம் என்று நான் சொன்னது இதனால்தான்.

அப்படியானால் எதை வைத்துத்தான் கணிப்பது? கணிப்பில் முதலிடம் பயிற்சியின் அளவுக்கு. அதாவது அட்டவணையில் எழுதிய அளவல்ல, உண்மையில் செய்து முடித்த கலோரி. கான்சாஸ் பல்கலைக்கழகச் சோதனைகள் இதற்கு அழகான சான்று. 2003-இல் வந்த முதல் சோதனையில், 16 மாதப் பயிற்சியில் ஆண்களுக்கு 5.2 கிலோ குறைந்தது, பெண்களுக்கு எடை ஏறாமல் நின்றதோடு சரி. "பெண்களுக்கு உடற்பயிற்சியால் எடை குறையாது" என்ற பேச்சு அதிலிருந்து ஊரெங்கும் பரவியது. ஆனால் நிமிடங்கள் சமமாக இருந்தனவே தவிர, கனமான ஆண் உடம்பு அதே நிமிடத்தில் அதிகம் செலவழித்தது. 2013-இல் வந்த அடுத்த சோதனையில் நிமிடத்தை விட்டுவிட்டு, ஆணோ பெண்ணோ ஒருமுறைக்கு 400 அல்லது 600 கலோரி என்று சமப்படுத்தினார்கள். பத்து மாதத்தில் 400 கலோரிக் குழுவுக்கு 3.9 கிலோ, 600 கலோரிக் குழுவுக்கு 5.2 கிலோ. ஆண் பெண் வித்தியாசம் மறைந்துவிட்டது.

இரண்டாவது, ஈடுகட்டல். உடற்பயிற்சியில் போனதை உடம்பும் மனசும் வேறு வழியில் திரும்ப வாங்கிக்கொள்வது. அமெரிக்காவின் பென்னிங்டன் ஆய்வு மையத்தில் 24 வாரம் நடந்து 2019-இல் வந்த சோதனையில், கண்காணிப்போடு பயிற்சி செய்தவர்கள் நாளுக்குச் சுமார் 90 முதல் 125 கலோரி அதிகமாகச் சாப்பிட்டிருந்தார்கள். அந்தத் தொகை எவ்வளவு சிறியது பாருங்கள். 100 மி.லி. பாலும் இரண்டு டீஸ்பூன் சர்க்கரையும் போட்ட ஒரு காபி கிட்டத்தட்ட 100 கலோரி. உங்கள் நடையில் வாரம் முழுவதற்கும் பரப்பினால் நாளுக்கு வருவது 130 என்று மேலே பார்த்தோம். ஜிம்மிலிருந்து வரும் வழியில் ஒரு காபியும் ஒரு பட்டர் பிஸ்கட்டும் போதும், கணக்கு நேராகிவிடும். பயிற்சி முடிந்த கையோடு உணவின் மேல் ஆசை பொங்குகிறவர்கள் அதிகம் ஈடுகட்டுகிறார்கள் என்று இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகக் குழு காட்டியிருக்கிறது. பசியைவிட ஆசை என்ற சொல்லைக் கவனியுங்கள்.

செலவுப் பக்கத்திலும் ஈடுகட்டல் நடக்கிறது. 2021-இல் வந்த பெரிய பன்னாட்டுத் தொகுப்பில், கூடுதலாக அசைந்து செலவழிக்கும் 100 கலோரியில் சராசரியாக 28 கலோரி உடம்பின் மற்றச் செலவுகளைச் சுருக்கி மீட்டுக்கொள்ளப்படுகிறது என்று கணக்கிட்டார்கள். கொழுப்பு அதிகமுள்ளவர்களிடம் இந்த மீட்பு கூடுதல். இது பலரை ஒரே சமயத்தில் ஒப்பிட்டு எடுத்த எண், ஒரே ஆளைப் பயிற்சிக்கு முன்னும் பின்னும் அளந்ததல்ல. அதனால் உங்கள் தலைக்கு 28 என்று ஒட்டவைக்காதீர்கள். பயிற்சி செய்த நாளில் மீதி நேரம் சோபாவில் சாய்வதால்தான் இது வருகிறதா என்பதிலும் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. சிலரிடம் தெரிகிறது, சில சோதனைகளில் தெரியவே இல்லை.

மூன்றாவது, தொடக்க வாரங்களின் போக்கு. உணவும் பயிற்சியும் சேர்ந்த பெரிய திட்டங்களில் முதல் ஒன்றிரண்டு மாதத்தில் இறங்காதவர்களுக்கு ஓராண்டிலும் இறங்குவது குறைவு என்பது மீண்டும் மீண்டும் தெரிந்திருக்கிறது. இது கூட்டத்துக்குப் பொருந்தும் கணிப்பு. தனி ஆளுக்குப் பொருத்தும்போது அளவின் தரம்தான் எல்லாமே. வயது, ஓய்வுநிலை வளர்சிதை மாற்றம் (சும்மா இருக்கும்போது உடம்பு செலவழிக்கும் கலோரி), தொடக்க எடை ஆகியவை எல்லாம் சேர்ந்தும் தனி ஆள் கணிப்பில் பெரிதாக உதவுவதில்லை. கனமானவருக்குக் கிலோ கணக்கில் கொஞ்சம் கூடுதலாக இறங்கும், அவ்வளவே.

ஆகவே உங்களைக் கணிக்க நல்ல வழி, உங்களையே ஒழுங்காக அளப்பதுதான். இதுவரை நீங்கள் போட்டது முதல் நாள் ஓர் எடை, ஆறு வாரம் கழித்து ஓர் எடை. ஒருவரின் எடை ஒரு நாளுக்கும் மறுநாளுக்கும் இடையிலேயே ஒரு கிலோ வரை ஆடும், புதிதாகப் பயிற்சி தொடங்கும்போது தசையில் நீர் தேங்கி முதல் வாரங்களில் எடை கூடவும் செய்யலாம். இரண்டே புள்ளியில் 0.6 என்பது நிஜமா ஆட்டமா என்று யாராலும் சொல்ல முடியாது. இனிமேல் தினமும் காலையில் மலஜலம் கழித்தபின், தண்ணீர்கூடக் குடிக்குமுன், ஒரே துணியில் எடை போடுங்கள். எடைக்கருவி எப்போதும் ஒரே டைல்ஸ் மேல், அசையாமல் இருக்கட்டும். மிதியடி மேலோ பாய் மேலோ வைத்தால் எண் பொய் சொல்லும். ஏழு நாளின் சராசரியை மட்டும் எழுதிக்கொண்டு, தனித்தனி நாளை மறந்துவிடுங்கள். வாரம் ஒருமுறை இடுப்புச் சுற்றளவு: கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக விட்ட நிலையில், இரண்டு முறை அளந்து சராசரி. வீட்டில் கிடக்கும் பழைய துணி டேப் இழுபட்டு நீண்டிருக்கும், ஒரு ஸ்கேலோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு எடுங்கள்.

முதல் இரண்டு வாரம் இப்போது செய்வதையே செய்து, அந்தச் சராசரியைத் தொடக்க அளவாக வைத்துக்கொள்ளுங்கள். பிறகு பயிற்சியைக் கூட்டுங்கள். வேகத்தைக் கூட்டுவதைவிடச் சாய்வைக் கூட்டுவது முழங்காலுக்கு இதம், பலனும் அதிகம். அதே 5 கி.மீ. வேகத்தில் 3 சதவீதச் சாய்வு வைத்தால் உங்கள் 180 கலோரி சுமார் 275 ஆகும், 5 சதவீதத்தில் 340-ஐத் தொடும். ஆனால் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு பின்னால் சாய்ந்து நடந்தால் அந்தச் சாய்வு திரையில்தான் இருக்கும், காலில் இருக்காது. 1 சதவீதத்தில் தொடங்கி இரண்டு வாரத்துக்கு ஒரு சதவீதம் ஏற்றினால் போதும். நிமிடத்தையும் மெல்ல 225-லிருந்து வாரத்துக்கு 300 வரை கொண்டுபோகலாம். அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரியின் 2009 அறிக்கைப்படி, 150 நிமிடத்துக்குக் கீழே எடையில் மாற்றம் சொற்பம், கண்ணுக்குத் தெரியும் இறக்கம் 225 முதல் 420 நிமிடங்களில்தான். வாரம் இரண்டு நாள் எடைத்தூக்கல் சேர்த்தால் தசை காப்பாற்றப்படும், அதனால் எடை வேகமாக இறங்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

கூடவே இரண்டு எண்களைக் குறித்துவையுங்கள். ஜிம் நேரம் தவிர்த்த காலடி எண்ணிக்கை ஒன்று. கடிகாரம் கலோரியில் பிசகினாலும் காலடியில் அவ்வளவு பிசகாது. பயிற்சி நாளில் அது 6,000-லிருந்து 3,500 ஆகிறது என்றால் திருடன் அங்கே இருக்கிறான். இன்னொன்று, பயிற்சி முடிந்த இரண்டு மணி நேரத்தில் வாய்க்குள் போன எல்லாமும். நாள் முழுவதும் எழுதச் சொன்னால் யாரும் ஒரு வாரத்துக்கு மேல் எழுதுவதில்லை, அந்த இரண்டு மணி நேரம் எழுதலாம்.

பன்னிரண்டு வாரம் முடிந்ததும் கடைசி இரண்டு வாரச் சராசரியை அந்தத் தொடக்க அளவோடு ஒப்பிடுங்கள். செய்து முடித்த கலோரியை 7,700-ஆல் வகுத்தால் வருவதில் பாதிக்கு மேல் இறங்கியிருந்தால் உடம்பு இயல்பாகத்தான் நடந்துகொள்கிறது. பாதி என்பது நடைமுறைக்காக நான் வைத்துக்கொள்ளும் கோடு, ஆய்வு வகுத்த எல்லை அல்ல. அதற்கும் கீழே என்றால் முதலில் சாப்பாட்டை நோண்டுங்கள், நாளுக்கு 300 கலோரி தட்டில் குறைப்பது அதே அளவை டிரெட்மில்லில் சம்பாதிப்பதைவிடச் சுலபம். எடை அசையாமல் இடுப்பு மட்டும் 3, 4 செ.மீ. இறங்கியிருந்தால் அதைத் தோல்வி என்று எழுதாதீர்கள். எடை மாறாமலே வயிற்றுக்குள் உள்ள கொழுப்பு பயிற்சியால் குறையும் என்பதைக் கனடாவில் ராபர்ட் ராஸ் 2000-ஆம் ஆண்டிலேயே ஸ்கேன் எடுத்துக் காட்டினார். இந்தியர்களுக்கு ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 செ.மீ. என்ற இடுப்பு வரம்பு எடையைவிட முக்கியம்.

இவ்வளவுக்கும் பிறகு எதுவும் அசையவில்லை என்றால் மருந்துச் சீட்டை எடுத்துப் பாருங்கள். இன்சுலின், கிளிமெபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரைகள், பயோகிளிட்டசோன், ஸ்டீராய்டு, அமிட்ரிப்டிலின், மிர்டாசபின், ஒலான்சபின், வால்புரோயேட், அட்டெனலால் ஆகியவை எடையை ஏற்றவோ இறங்கவிடாமல் பிடிக்கவோ செய்யலாம். இன்சுலினோ கிளிமெபிரைடோ எடுப்பவர் பயிற்சிக்குப் பின் சர்க்கரை தாழ்ந்து படபடத்து, அதைச் சரிக்கட்டத் தினமும் பிஸ்கட் சாப்பிடுவார். அங்கே மாற்ற வேண்டியது மருந்தின் அளவு, அதை மருத்துவர்தான் செய்ய வேண்டும், நீங்களாக நிறுத்தக்கூடாது. அட்டெனலால் எடுப்பவருக்கு நாடித்துடிப்பு வழக்கமான அளவுக்கு ஏறாது, அதனால் துடிப்பை வைத்துப் பயிற்சியின் வேகத்தை அளக்காமல், பேச முடிகிறது ஆனால் பாட முடியவில்லை என்ற அளவில் நடக்கச் சொல்வோம். தைராய்டு பரிசோதனை ஒருமுறை செய்திருக்காவிட்டால் செய்துவிடுங்கள், ஜீன் டெஸ்ட்டைவிட எத்தனையோ மடங்கு மலிவு. நடக்கும்போது நெஞ்சில் அழுத்தமோ தலைசுற்றலோ வந்தால் இந்தக் கணக்கையெல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டு அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள்.